மலையாளம் பேசுற பிள்ளைகளுக்காக நாம எதைக் கேக்கணும்: கட்டாயத் தமிழா, தனிப் பள்ளியா, லெனின் சொன்ன வழியா

சங்கத்தோட அடுத்த மாவட்டக் கூட்டத்துல மொழித் தீர்மானம் ஒண்ணு வைக்கணும்னு முடிவாகியிருக்கு தோழர்களே. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டுல மலையாளம் பேசுற பிள்ளைகளோட படிப்பு, பத்தாம் வகுப்பு தமிழ்ப் பரீட்சை, ஆபீஸ் காகிதம், இதுல எல்லாம் நம்ம நிலைப்பாடு என்னன்னு தெளிவா எழுதணும். பேசிப் பாத்ததுல அஞ்சு வழி முன்னால வந்திருக்கு, ஒவ்வொண்ணையும் சொல்றவங்க அதுதான் மார்க்சியம்ங்கறாங்க, அதுல பொய்யும் இல்ல, அஞ்சுக்குமே அந்த மரபுக்குள்ள வேர் இருக்கு. அதனால எது அசல் மார்க்சியம்னு மல்லுக்கட்டி பிரயோஜனம் இல்ல. அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஆலையில, மலையாளம் பேசுற ஒரு அக்காவும் அவங்க பக்கத்துல உக்காந்து அண்டி உடைக்கிற தமிழ் பேசுற அக்காவும் ஒரே சங்கத்துல இருக்கணும், ரெண்டு பேரோட பிள்ளையும் படிச்சு மேல வரணும், இதுக்கு எது ஒத்து வருதுன்னு மட்டும் பாப்போம். என் கட்சி லெனின் 1913-14ல எழுதின வழிதான்னு இப்பவே சொல்லிடறேன், ஆனா இத்தாலி மார்க்சியர் கிராம்ஷி சொன்ன ஒரு விஷயத்தையும் கூட சேத்துக்கிட்டுத்தான்.

அதுக்கு முன்னால நம்ம சொந்தக் கதையை மறந்துடக் கூடாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுக்காவும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்துச்சு, அங்க மொழிச் சிறுபான்மை தமிழ் பேசுற நாமதான். தமிழ்நாட்டோட சேரணும்னு மார்ஷல் நேசமணி தலைமையில போராட்டம் நடந்து, 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்துப் போனாங்க. அப்ப ஆட்சியில இருந்தது பட்டம் தாணு பிள்ளையோட பிரஜா சோசலிஸ்ட் கட்சி, சோசலிசம்னு பேர்லயே வச்சிருந்த கட்சி, அந்தக் கட்சிக்குள்ள இருந்தே லோகியா அந்த அரசு ராஜினாமா பண்ணணும்னு கேட்டார். அப்புறம் மாநில எல்லைக் கோடு மாறிச்சு. ஒரே ராத்திரியில நாம பெரும்பான்மை ஆனோம், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ன மலையாளம் பேசுறவங்க சிறுபான்மை ஆனாங்க, தேவிகுளம் பீர்மேட்டுத் தமிழ்த் தோட்டத் தொழிலாளிங்க கேரளப் பக்கமே நின்னுட்டாங்க. நம்மளை இந்தப் பக்கம் கொண்டு வந்த அதே மாநிலச் சீரமைப்போட வந்த ஏழாவது அரசியல் சட்டத் திருத்தத்துலதான் 350-ஏ பிரிவும் வந்துச்சு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் படிப்பு தாய்மொழியில கிடைக்க மாநிலம் வசதி பண்ணிக் குடுக்கணும்னு. அதாவது கோட்டை மாத்தினப்பவே ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்ட பிள்ளைகளை யோசிச்சுத்தான் அதை எழுதியிருக்காங்க. நாம எழுதப் போற தீர்மானத்தை மூணாறுல இருக்குற தமிழ்த் தோழர் வாசிச்சா, "இதையே எங்களுக்கும் கேளுங்க"ன்னு சொல்ற மாதிரி இருக்கணும், என் மனசுல இருக்குற முதல் அளவுகோல் அதுதான்.

முதல் வழி கட்டாயம். 2006ல வந்த தமிழ் கற்றல் சட்டம் 2006-07ல ஒண்ணாம் வகுப்புல ஆரம்பிச்சு வருஷத்துக்கு ஒரு வகுப்பா ஏறி 2015-16ல பத்தாம் வகுப்புக்கு வந்துச்சு. தமிழ் எல்லாருக்கும் முதல் பாடம். அந்த வருஷத்துல இருந்துதான் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் விலக்கு கேட்டு கோர்ட்டுக்குப் போக ஆரம்பிச்சாங்க, 2023லயும் சுப்ரீம் கோர்ட்டு அந்த வருஷப் பரீட்சைக்கு விலக்கு குடுத்துச்சு. அதே நேரம் 2004ல மகாராஷ்டிரா வழக்குல, மாநில மொழியைச் சொல்லிக் குடுக்கணும்னு சிறுபான்மைப் பள்ளிகிட்டயும் மாநிலம் கேக்கலாம்னு அதே கோர்ட்டு சொல்லியிருக்கு, அதனால சட்டப்படி இந்த வழிக்குத் தடை இல்ல. இதை ஆதரிக்கிற தோழர்கள் சொல்றதுல நியாயம் இருக்கு, அதை லேசா தள்ளக் கூடாது. 2021ல இருந்து டிஎன்பிஎஸ்சியில தமிழ்த் தாள் பாஸ் ஆகணும், தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைக்கு விஏஓ வேலையும் இல்ல குரூப் 4ம் இல்ல, அப்ப தமிழைப் படிக்க வைக்காம விடுறதுதான் துரோகம்ங்கறாங்க. மார்க்சியத்துலயும் இதுக்கு ஆள் உண்டு, பொருளாதாரம் வளர வளர சின்ன மொழிக்காரங்க பெரிய மொழிக்குள்ள கலந்துடுவாங்கன்னு ஜெர்மன் சோசலிஸ்ட் காவுட்ஸ்கி எழுதியிருக்கார். இதுல நாம யோசிக்க வேண்டிய இன்னொண்ணு, கேரளாவுல இடது ஜனநாயக முன்னணி அரசே 2017ல எல்லாப் பள்ளியிலயும் மலையாளம் கட்டாயம்னு சட்டம் கொண்டு வந்துச்சு, காசர்கோட்டுல கன்னடம் பேசுறவங்க தெருவுக்கு வந்தாங்க. கையில செங்கொடி இருந்தாலும் கட்டாயம் கட்டாயம்தான்.

இந்த வழியில எனக்கு என்ன கொறைன்னா, அது ஒரு பரீட்சையை மட்டும்தான் கட்டாயமாக்குது, வாத்தியாரைக் கட்டாயமாக்கல. வீட்டுல மலையாளம், ஸ்கூல்ல மலையாளம், தெருவுல ரெண்டும் கலந்த பேச்சு, இப்படி வளர்ந்த பிள்ளைக்கு தமிழ் பேச வரும், சினிமா புரியும், ஆனா செய்யுள் பகுதியும் இலக்கணமும் இருக்குற பத்தாம் வகுப்புத் தாள்ல அந்தப் பிள்ளை, தமிழ்லயே பொறந்து வளர்ந்த பிள்ளையோட ஒரே தாளை எழுதணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்டி ஆபீஸ் அக்காவோட மகள் கணக்குலயும் அறிவியல்லயும் கெட்டிக்காரி, தமிழ்த் தாளுக்குப் பயந்து டியூஷனுக்கு அலைஞ்சா, அந்த டியூஷன் பீஸ் யாரு கூலியில இருந்து போச்சு? பரீட்சையை வச்சுட்டு சொல்லிக் குடுக்கற செலவை தாய் தகப்பன் தலையில கட்டுற கொள்கையை நாம ஆதரிக்க முடியாது.

ரெண்டாவது வழி, பெத்தவங்க இஷ்டத்துக்கு விட்டுடலாம்ங்கறது. கேக்க நல்லா இருக்கு, ஜனநாயகமா இருக்கு. இதை யாரு முதல்ல சோசலிசம்னு சொல்லிச் செஞ்சாங்கன்னா சோவியத் தலைவர் குருசேவ். 1938ல ஸ்டாலின் காலத்துல ரஷ்ய மொழி எல்லாப் பள்ளியிலயும் கட்டாயப் பாடமாச்சு, 1958ல குருசேவ் வந்து, பிள்ளை எந்த மொழிப் பள்ளியில படிக்கணும், குடியரசோட மொழியைப் படிக்கணுமா வேண்டாமாங்கறதைப் பெத்தவங்களே முடிவு பண்ணட்டும்னார். காலேஜ், ராணுவம், நல்ல வேலை எல்லாம் ரஷ்ய மொழியில நடக்குற நாட்டுல பெத்தவங்க எதைத் தேர்ந்தெடுப்பாங்க? லாட்வியாவுலயும் அசர்பைஜான்லயும் இருந்த கட்சிக்காரங்களே எதுத்தாங்க, நடக்கல, ரஷ்யப் பள்ளிகள் பெருகிச்சு. நம்ம ஊருல ரஷ்ய மொழி இருந்த இடத்துல இங்கிலீஷ் இருக்கு. 2012-13ல இருந்து அரசுப் பள்ளியிலயே இங்கிலீஷ் மீடியம் வந்தாச்சு, குலசேகரம் பக்கம் போய் பாருங்க, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி வாங்குற கூலியில பாதியை வேன் பீஸுக்குக் கட்டி பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்புறார். தமிழ் வீட்டுலயும் அப்படித்தான், மலையாள வீட்டுலயும் அப்படித்தான். அவங்களைக் குத்தம் சொல்றதுக்கு நமக்கு உரிமை இல்ல, அவங்க முன்னால இருக்குற கதவு அது ஒண்ணுதான். ஆனா இதைச் சுதந்திரமான தேர்வுன்னு தீர்மானத்துல எழுதினா, சந்தை எதைச் சொல்லுதோ அதுக்கு நாம கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். தமிழும் மலையாளமும் ஒண்ணை ஒண்ணு முறைச்சுக்கிட்டு நிக்க, ரெண்டையும் தாண்டி போயிட்டு இருக்கறது இங்கிலீஷ்தான்ங்கறதை ரெண்டு பக்கத்து ஆளுங்களும் பேச மாட்டேங்கறாங்க. 2014ல கர்நாடக வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் பிள்ளையோட தாய்மொழி எதுன்னு தீர்மானிக்கறது பெத்தவங்கதான், அரசு திணிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு, அதனால இந்த வழிக்கு சட்டத்தோட பலமும் நெறைய. பலம் இருக்குங்கறதுக்காக நாம அங்க போய் நிக்க வேண்டாம்.

மூணாவது, மலையாளம் பேசுறவங்களுக்குத் தனிப் பள்ளி, தனி வாரியம், அவங்களே நடத்தட்டும்ங்கற யோசனை. இதுக்கு மேல்நாட்டுல பெரிய தத்துவமே இருக்கு. ஆஸ்திரியாவுல கார்ல் ரென்னரும் ஓட்டோ பாவரும் 1899ல இருந்து 1907 வரைக்கும் எழுதி வளர்த்த விஷயம், மொழி இனம்ங்கறது நிலத்தோட ஒட்டினது இல்ல, ஆளோட ஒட்டினது, ஒருத்தர் எங்க குடியிருந்தாலும் தன் இனத்தோட பதிவேட்டுல பேரை எழுதிக்கலாம், அந்தப் பதிவேட்டுல இருக்குறவங்க சேந்து பள்ளி, பண்பாடு எல்லாத்தையும் நடத்திக்கலாம். நம்ம அரசியல் சட்டத்துல 30வது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்திக்கலாம்ங்கறது, ஏறக்குறைய இந்த மனசுலதான் இருக்கு. பாவர் சாதாரண ஆள் இல்ல, சிதறிக் கிடக்குற சிறுபான்மைக்கு நிலப்பரப்பு சுயாட்சி உதவாதுன்னு தெளிவாப் பாத்தது அவர்தான். ஆனா நடைமுறையில என்னாச்சுன்னு பாருங்க. ஆஸ்திரியாவுக்குக் கீழ இருந்த மொராவியாவுல 1905ல ஒரு ஒப்பந்தம் போட்டு வாக்காளர்களைச் செக் பதிவேடு, ஜெர்மன் பதிவேடுன்னு பிரிச்சாங்க, அப்புறம் இந்தப் பிள்ளை செக்கா ஜெர்மனா, எங்க பிள்ளையை அவங்க ஸ்கூல்ல சேத்துட்டாங்கன்னு அதிகாரிங்க வரைக்கும் வழக்கு போச்சு. இதை நம்ம எல்லையில இருக்குற களியக்காவிளைக்குக் கொண்டு வந்து யோசிங்க. அம்மா கேரளப் பக்கத்துப் பாறசாலைக்காரி, அப்பா மார்த்தாண்டம், ஆச்சிகிட்ட ஒரு பேச்சு, கடையில ஒரு பேச்சு, கோயில்ல மலையாளம், சர்ச்சுல தமிழ், இந்தப் பிள்ளை பேரை எந்தப் பதிவேட்டுல எழுதுவீங்க? எழுதச் சொன்னா வீட்டுக்குள்ளயே சண்டை மூட்டின மாதிரி ஆகும். அதுவும் போக, நம்ம மாவட்டத்துல மொழியோட சாதியும் மதமும் பின்னிக் கெடக்கு, தனி வாரியம்னு வந்தா அது யாரு கையில போகும்னு இங்க இருக்குற யாருக்கும் தெரியாம இல்ல, அண்டி ஆபீஸ் அக்கா கைக்கு நிச்சயமா வராது.

நாலாவது வழி ஊரை அலகா வச்சு சுயாட்சி, இதை சுருக்கமா முடிச்சுக்கறேன். 1920கள்ல சோவியத் உக்ரைன்ல ஜெர்மன், போலிஷ், யூத, கிரேக்க மக்கள் கூட்டமா இருந்த கிராமங்களுக்கு அவங்கவங்க மொழியில கிராம சோவியத், பள்ளி, கோர்ட்டு எல்லாம் குடுத்தாங்க, அந்த அளவுக்கு சின்ன அலகு வரைக்கும் இறங்கின அரசு அந்தக் காலத்துல வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல. 1930கள்ல அதே எல்லைப்புற மக்களை வெளிநாட்டு விசுவாசிங்கன்னு சந்தேகப்பட்டு எல்லாத்தையும் கலைச்சாங்க, கலைச்சதோட நிக்கல, ஆயிரக்கணக்குல கொன்னாங்க. குத்தம் கிராம சோவியத்துல இல்ல, எல்லையில இருக்குறவன் அந்தப் பக்கத்து ஆளுங்கற நெனப்புல இருக்கு, நம்ம ஊருலயும் அந்தப் பேச்சு காதுல விழாம இல்ல. இந்த வழியில இருந்து ஒரு விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கறேன், ஆபீஸ் அறிவிப்பு. ஒரு பகுதியில நூத்துக்கு 15 பேர் சிறுபான்மை மொழி பேசினா முக்கியமான அறிவிப்புகளை அந்த மொழியிலயும் போடணும்ங்கறது ஏற்கனவே நாடு முழுக்க ஒத்துக்கிட்ட ஏற்பாடு. மாவட்டம் முழுசையும் எடுத்தா மலையாளம் அந்தக் கணக்குக்கு வராது, பஞ்சாயத்தை அலகா எடுத்தா சில இடத்துல வர வாய்ப்பு இருக்கு. எந்த அலகுங்கறதுதான் சண்டை, அதைப் பஞ்சாயத்துன்னு நாம எழுதணும்.

இப்ப அஞ்சாவது வழி, லெனின். 1914 ஜனவரியில, கட்டாய ஆட்சிமொழி வேணுமான்னு ஒரு கட்டுரை எழுதினார். ரஷ்ய லிபரல்கள் சொன்னாங்க, ரஷ்யன் பெரிய மொழி, வளமான மொழி, எல்லாரும் படிச்சா என்ன கெட்டுப் போகும்னு. அவர் அதை மறுக்கல, துர்கனேவ், டால்ஸ்டாய் மொழி எங்களுக்கும் பெருமைதான், ஆனா ஆட்களைத் தடியால அடிச்சு சொர்க்கத்துக்கு ஓட்டிட்டுப் போக நாங்க விரும்பலன்னார். வேலையும் வியாபாரமும் இருந்தா ஜனங்க பெரும்பான்மை மொழியைத் தானே படிச்சுக்குவாங்க, தடியை எடுத்தா வெறுப்புதான் வளரும்னார், சுவிட்சர்லாந்து மூணு ஆட்சிமொழி வச்சு எதையும் இழக்கலன்னு இன்னொரு கட்டுரையில சொன்னார். இதை நம்ம தோழர்கள் எல்லாரும் மேடையில இந்திக்கு எதிராச் சொல்லுவோம், பூதப்பாண்டியில பொறந்த ஜீவா 1952ல சட்டசபைக்குப் போய் தமிழ் ஆட்சிமொழியாகணும் தமிழ்ல பாடம் நடக்கணும்னு பேசினதும் இதே நியாயத்துல இருந்துதான். டெல்லியைப் பாத்து சொல்ற நியாயத்தை நம்ம மாவட்டத்து எல்லையில இருக்குற கொல்லங்கோட்டைப் பாத்தும் சொல்லணும்.

ஆனா லெனின்கிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சது இது இல்ல. 1913 டிசம்பர்ல இன்னொரு சின்னக் கட்டுரை, அதுல பீட்டர்ஸ்பர்க் பள்ளிகள்ல 1911ல எடுத்த கணக்கைப் போடுறார். மொத்தம் 48,076 பிள்ளைகள், அதுல 44,223 ரஷ்யப் பிள்ளைகள், மிச்சம் போலிஷ், ஜெர்மன், யூத, எஸ்தோனிய, தாத்தார்னு பல இனம், ஜார்ஜியப் பிள்ளை ஒண்ணே ஒண்ணு. பாவர் ஆளுங்க வழியில போனா இனத்துக்கு ஒரு பள்ளின்னு பிரிக்கணும், அது முடியாது, கூடவும் கூடாது, தொழிலாளி பிள்ளைகள் ஒரே பள்ளியில ஒண்ணா உக்காரணும்ங்கறார். அப்ப அந்த ஒரு ஜார்ஜியப் பிள்ளையை என்ன பண்றது? அந்த ஒரு பிள்ளைக்கும் அரசு செலவுல ஜார்ஜிய மொழியும் வரலாறும் சொல்லிக் குடுக்க இடம் பிடிக்கலாம், வாத்தியார் வைக்கலாம், புஸ்தகம் வரவழைக்கலாம், சமத்துவத்து மேல நிக்குற அரசுக்கு இது முடியாத காரியம் இல்லன்னு எழுதுறார். நம்ம நாட்டுல 1949ல கல்வி அமைச்சர்கள் மாநாடு போட்ட கணக்கு என்ன தெரியுமா, பள்ளியில 40 பிள்ளை இருக்கணும் இல்லன்னா வகுப்புல 10 பிள்ளை இருக்கணும், அப்பத்தான் தாய்மொழி வாத்தியார். ஒம்பது பிள்ளை இருந்தா? அந்த ஒம்பதும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளாத்தான் இருக்கும், ஏன்னா வசதி இருக்குறவங்க ஏற்கனவே இங்கிலீஷ் மீடியத்துக்குப் போயாச்சு. பள்ளியில எண்ணிக்கை குறையுது, குறைஞ்சதால வாத்தியார் இல்ல, வாத்தியார் இல்லாததால எண்ணிக்கை இன்னும் குறையுது. இந்தச் சக்கரத்தை உடைக்கறது லெனினோட அந்த ஒரு பிள்ளைக் கணக்குதான். தனிப் பள்ளி வேண்டாம், பொதுப் பள்ளி, அதுக்குள்ள தாய்மொழி ஒரு உரிமை, எண்ணிக்கை நிபந்தனை இல்லாம, செலவு அரசோடது.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, அதை அடைக்கத்தான் கிராம்ஷி வேணும். வேலையும் வியாபாரமும் பெரும்பான்மை மொழியைத் தானா கத்துக் குடுத்துடும்னு லெனின் நம்பினார். பேச்சு வரைக்கும் அது சரி. எழுத்து தானா வராது. கிராம்ஷி சர்தீனியாக்காரர், மொழியியல் படிச்சவர், 1927ல ஜெயில்ல இருந்து தங்கச்சி தெரேசினாவுக்கு எழுதின கடிதத்துல பிள்ளைகளை சர்தீனிய மொழி பேச விடுங்க, தடுக்காதீங்கன்னு கெஞ்சாத குறையா சொல்றார். அவரே ஜெயில் குறிப்புகள்ல, வட்டார மொழி மட்டும் தெரிஞ்ச ஆளோட உலகம் குறுகிப் போகும், பொது மொழியைப் பள்ளிக்கூடம் ஒழுங்கா சொல்லிக் குடுக்கலேன்னா அது படிச்ச வர்க்கத்தோட சொத்தாவே இருக்கும்ங்கறார். குழித்துறைப் பக்கம் ஏதாவது பத்திர எழுத்தர் கடையில கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, இது ரெண்டு திசையிலயும் தெரியும். தாத்தா காலத்துப் பிரமாணம், அதாவது நிலப் பத்திரம், மலையாளத்துல கொல்லம் ஆண்டுங்கற மலையாள வருஷக் கணக்கு போட்டு இருக்கும், தமிழ் பேசுற பேரனுக்கு ஒரு வரி வாசிக்க வராது, வாசிக்கத் தெரிஞ்ச வயசானவரைத் தேடி காசு குடுத்து எழுதி வாங்குறான். பக்கத்துலயே இன்னொருத்தர், மலையாளம் நல்லா வாசிப்பார், தாலுகா ஆபீஸ்ல குடுத்த தமிழ் நோட்டீஸைக் கையில வச்சுக்கிட்டு என்ன எழுதியிருக்குன்னு கேட்டுக்கிட்டு நிப்பார். ரெண்டு பேரும் வேற ஒருத்தர் கண்ணால தன் நிலத்தைப் பாக்குறாங்க. நம்ம மாவட்டத்துல ரெண்டு எழுத்தும் தெரியுறது பண்பாட்டுப் பெருமைக்காக இல்ல, சொத்து கையை விட்டுப் போகாம இருக்கறதுக்காக. அதனால தமிழை நல்லா சொல்லிக் குடுக்கணும்ங்கறதை நாம விட்டுக் குடுக்கவே கூடாது, கட்டாயத் தாளா இல்ல, நல்ல வாத்தியாரா.

அப்ப தீர்மானத்துல என்ன எழுதலாம்னு என் முன்மொழிவு. அரசுப் பள்ளியிலயும் உதவி பெறும் பள்ளியிலயும் மலையாளம் கேக்குற பிள்ளை ஒண்ணு இருந்தாலும் மலையாள வாத்தியார், ஒரு பள்ளிக்கு ஒருத்தர் முடியலேன்னா பக்கத்துல இருக்குற நாலஞ்சு பள்ளிக்குச் சேத்து ஒருத்தர் சுத்தி வரட்டும், காலிப் பணியிடம்னு போட்டு வருஷக்கணக்குல வைக்கக் கூடாது. மலையாளம் மீடியத்துல படிக்கிற பிள்ளைக்கு ஒண்ணாம் வகுப்புல இருந்து தமிழ், ஆனா ரெண்டாம் மொழியாப் படிக்கிறவங்களுக்குன்னு எழுதின பாடப்புத்தகம், அதுக்குத் தகுந்த தாள், அது வர்ற வரைக்கும் பத்தாம் வகுப்பு விலக்கு கோர்ட்டுக்குப் போகாமலே கிடைக்கணும். மலையாளத்துல வாங்குற மார்க்கும் மொத்த மார்க்குல சேரணும். தமிழ்ப் பிள்ளை யாராவது மலையாள எழுத்து படிக்கணும்னு கேட்டா அதே வாத்தியார்கிட்ட உக்காரலாம். அறிவிப்பு விஷயத்துல பஞ்சாயத்து அலகு. பேச்சிப்பாறை மலைப்பக்கம் காணிக்காரர் பிள்ளைகள் வீட்டுல பேசுறது பாடப்புத்தகத் தமிழும் இல்ல மலையாளமும் இல்ல, ஆரம்ப வகுப்புல அவங்க சமூகத்துலயே படிச்ச ஒருத்தர் வகுப்புல கூட இருக்கணும்னு சேக்கணும், இதுவரைக்கும் வந்த எந்த வரைவுலயும் அவங்க பேரே இல்ல, மொழிச் சிறுபான்மைன்னாலே மலையாளம்னு நாம நெனச்சுக்கறோம். கடைசியா, இதே தீர்மானத்தோட நகலை தேவிகுளம் பீர்மேடு தோட்டத் தொழிலாளி சங்கங்களுக்கு அனுப்பி, அங்க தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதே வரிகளை கேரள அரசுகிட்ட கேக்கச் சொல்லணும், நாமளும் கூட சேந்து கையெழுத்துப் போடணும்.

தனி வாரியம் வேணும்ங்கற தோழர்களும் கட்டாயத் தாள் இருக்கணும்ங்கற தோழர்களும் திருத்தத்தை எழுத்துல குடுத்துடுங்க, எண்ணிக்கை நிபந்தனை வேண்டாம்ங்கற வரிக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும்னு நெனைக்கறேன், அந்த வரியில நான் விட்டுக் குடுக்கறதா இல்ல.